டார்மாக் எஸ்எல்8, டிசிஆர், மடோன், ஷியாமென் ஃபிரேம்: வாங்குமுன் ஓர் ஒப்பீடு

ரோடு சைக்கிளுக்குக் கார்பன் ஃபிரேம் வாங்குபவர் முன்னால் ஸ்பெஷலைஸ்டின் டார்மாக், ஜயண்டின் டிசிஆர், ட்ரெக்கின் மடோன், சீனாவின் ஷியாமென் பக்கமிருந்து நேரடியாக வரும் ஃபிரேம்கள் என்று பல வரிசையாக நிற்கின்றன. ஒரே வடிவத்தில் வந்த இரண்டு ஃபிரேம்களிலிருந்து தொடங்குவோம். ஸ்பெஷலைஸ்டு 2023இல் வெளியிட்ட டார்மாக் எஸ்எல்8 இரண்டு தரங்களில் கிடைக்கிறது. மேல்தரம் எஸ்-ஒர்க்ஸ், அதற்கு ஃபேக்ட் 12ஆர் கார்பன். 56 சைஸ் ஃபிரேம் 685 கிராம் என்பது கம்பெனிக் கணக்கு. அடுத்த தரம் ஃபேக்ட் 10ஆர். அதே சைஸ் 780 கிராம். குழாய்களின் வடிவம் ஒன்று, ஜியோமெட்ரி (குழாய்களின் நீள, கோண அளவுகள்) ஒன்று, பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டு சுழலும் இருக்கை) ஒன்று, 32 மி.மீ. டயர் போகும் இடைவெளியும் ஒன்று. எழுத்தை மறைத்துவிட்டால் தராசில் வைத்துத்தான் எது எது என்று சொல்ல முடியும். விலை மட்டும் எட்டாத தூரத்தில் நிற்கிறது.

அந்த 95 கிராம் ஏற்றத்தில் என்ன தரும்? ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 8 கிலோ, ஆக 83 கிலோ. செங்குத்தான மலையில் ஒரே சக்தியில் மிதித்தால், ஏறும் நேரம் ஏறக்குறைய மொத்த எடைக்கு நேர்விகிதத்தில் கூடும், குறையும். 83 கிலோவில் 95 கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் ஏறினால் 4 விநாடி மிச்சம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தாலும் கணக்கு இதே விகிதத்தில்தான் போகும். பாட்டிலில் 100 மி.லி. தண்ணீரைக் குறைத்தால் அதே பலன் கைமேல் கிடைக்கும். பந்தயத்தில் ஓடும் சைக்கிளுக்கு உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ, நல்ல சக்கரமும் எலக்ட்ரானிக் கியரும் போட்ட 10ஆர் ஃபிரேமே அந்தக் கோட்டுக்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆகவே எஸ்எல்8 வாங்க முடிவு செய்தவருக்கு எங்கள் பதில் நேரானது: 10ஆர் எடுங்கள், மிச்சப் பணத்தைச் சக்கரத்திலும் டயரிலும் போடுங்கள். சிக்கல் வருவது வேறு இடத்தில். ஒரே விலைப் படியில் நான்கு கம்பெனி ஃபிரேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது எதைப் பார்த்துப் பிரிப்பது?

எடைப் பட்டியலை முதலில் ஓரம் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கம்பெனி பெயின்ட் அடித்த ஃபிரேமை நிறுக்கும், இன்னொன்று பெயின்ட் இல்லாமல் நிறுக்கும். ஒருவர் 56இல் சொல்வார், ஒருவர் எம் சைஸில் சொல்வார். ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு), ஆக்ஸில், சீட்போஸ்ட் கிளாம்ப், பாட்டில் ஸ்க்ரூ இவற்றைச் சேர்த்தார்களா இல்லையா என்பதும் தெரியாது. ஜயண்ட் டிசிஆர் அட்வான்ஸ்டு எஸ்எல் போல சீட்போஸ்ட் ஃபிரேமோடு ஒன்றாகவே வரும் வகையில், குழாயின் கூடுதல் நீளமும் ஃபிரேம் எடைக்குள் இருக்கும். தனி சீட்போஸ்ட் ஃபிரேமோடு அதை நேருக்கு நேர் வைத்தால் கணக்கு தப்பும். ஃபிரேம், ஃபோர்க், சீட்போஸ்ட், ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதி), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு), ஹேண்டில்பார், இரண்டு ஆக்ஸில் எல்லாம் சேர்ந்த மொத்தம்தான் ஒப்பிடத் தகுந்த எடை. அப்படிக் கூட்டிப் பார்க்கும்போது, 100 கிராம் லேசான ஃபிரேம் கனமான ஒற்றைத்துண்டு ஹேண்டில்பாரோடு வந்து அந்த 100 கிராமையும் திருப்பி வாங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

ஜியோமெட்ரிக்கு வருவோம். ஃபிரேம் உடலுக்கு ஒத்து வருமா என்பதை முடிவு செய்வது இதுதான். 54 என்று ஒரு கம்பெனி எழுதுவதும் எம் என்று இன்னொன்று எழுதுவதும் ஒரே அளவு என்று நம்பி வாங்கிவிட்டு, பிறகு ஸ்டெம் மேல் ஸ்டெம்மாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். சைஸ் எண்ணை மறந்துவிட்டு இரண்டு அளவுகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து, ஃபோர்க் நுழையும் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்நுனி வரையுள்ள செங்குத்து உயரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைத் தூரம் ரீச்.

டார்மாக் எஸ்எல்8இல் 52 சைஸுக்கு ஸ்டாக் 527, ரீச் 380. 54க்கு 544, 384. 56க்கு 565, 395. இதைப் பார்த்ததும் 52க்கும் 54க்கும் ரீச் 4 மி.மீ.தான் கூடுகிறது என்று தோன்றும். அது சரியல்ல. ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வைத்து உயர்த்தும் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் ஹேண்டில்பார் 3 மி.மீ. பின்னால் வரும். 52 ஃபிரேமில் 17 மி.மீ. ஸ்பேசர் வைத்து 54இன் உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதன் ரீச் 380 அல்ல, ஏறக்குறைய 375. அப்போது உண்மையான வித்தியாசம் 9 மி.மீ.; ஒரு ஸ்டெம் சைஸுக்குள் அடங்கிவிடும். அதே கணக்கில் 54ஐ 21 மி.மீ. உயர்த்தி 56ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் 17 மி.மீ. இங்கே ஸ்டெம் மட்டும் போதாது. 54க்கும் 56க்கும் நடுவில் நிற்பவர் இந்த ஃபிரேமில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிடும்போதும் இதே வழிதான். ஸ்டாக் 555, ரீச் 381 உள்ள ஒரு ஃபிரேமும் 54 டார்மாக்கும் பட்டியலில் வேறு வேறாகத் தெரியும், 11 மி.மீ. ஸ்பேசர் வைத்தவுடன் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்டாக் அளவு ஹெட் டியூபோடு முடிகிறது. அதன்மேல் உட்காரும் ஹெட்செட் மூடி சில ஃபிரேமில் சில மில்லிமீட்டர், சிலதில் 15 மி.மீ.கூட இருக்கும். தாழ்வாகக் குனிந்து ஓட்ட விரும்புபவருக்கு அந்த மூடியின் உயரம் பெரிய விஷயம். கார்பன் ஸ்டியரரில் (ஹெட் டியூபுக்குள் ஏறும் ஃபோர்க்கின் தண்டு) எத்தனை மி.மீ. ஸ்பேசர் வரை அனுமதி என்பதையும் அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் வாரண்டி பேச முடியாது.

டாப் டியூப் நீளத்தை வைத்து ஒப்பிடும் பழைய பழக்கத்தை விட்டுவிடலாம். சீட் டியூப் கோணம் 1 டிகிரி மாறினால், 720 மி.மீ. சேடில் உயரத்தில் சேடில் 12, 13 மி.மீ. முன்னும் பின்னும் நகர்ந்துவிடும். இரண்டு ஃபிரேமின் டாப் டியூப் ஒரே நீளமாக இருந்தும் ஒன்றில் கை எட்டாமல் போவது இதனால்தான்.

நம் ஊரில் 52, 49 சைஸ் தேவைப்படுபவர்கள் அதிகம். அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ட்ரெயில் அளவு; ஹேண்டில் எவ்வளவு சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பதைச் சொல்வது அதுதான். டார்மாக்கில் 54க்கு ஹெட் கோணம் 73 டிகிரி, ஃபோர்க் ஆஃப்செட் (ஸ்டியரர் அச்சிலிருந்து முன்சக்கர மையம் முன்னே தள்ளி நிற்கும் தூரம்) 44 மி.மீ. 52க்குக் கோணத்தை 72.5 ஆகப் படுக்க வைத்தபோது ஆஃப்செட்டையும் 47 ஆக்கியிருக்கிறார்கள். அதனால் இரண்டு சைஸிலும் ட்ரெயில் 58 மி.மீ.யிலேயே நிற்கிறது, சின்ன சைஸ்காரருக்கும் அதே கையாளுமை கிடைக்கிறது. மலிவு ஃபிரேம்களில் எல்லா சைஸுக்கும் ஒரே ஃபோர்க்கைக் கொடுத்துவிடுவார்கள். 71 டிகிரி ஹெட் கோணத்தோடு 45 மி.மீ. ஆஃப்செட் சேர்ந்தால், 28 டயரில் ட்ரெயில் 69 மி.மீ. ஆகிவிடும். குறைந்த வேகத்தில் ஹேண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவது போல இருக்கும், வளைவில் தாமதமாகத் திரும்பும். விற்பவர் தரும் பட்டியலில் எல்லா சைஸுக்கும் ஒரே ஆஃப்செட் எழுதியிருந்தால், எஸ் சைஸும் அதற்குக் கீழும் வாங்குபவர் அந்த ஃபிரேமை விட்டுவிடுவது நல்லது. எல் சைஸ்காரருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

கார்பன் தரம் பற்றி இவ்வளவு விளம்பரம் நடப்பதால் அதையும் ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிடலாம். ஜப்பானின் டோரே கம்பெனி இழைகளின் எண்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். டி700 இழையின் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல். டி800எஸ்: 294, 5,880. டி1000ஜி: 294, 6,370. மூன்றாவதையும் இரண்டாவதையும் கவனியுங்கள். விறைப்பு ஒன்றே. டி800ஐவிட டி1000 ஃபிரேம் விறைப்பாக இருக்கும் என்று விற்பவர் சொன்னால், இழையின் எண் அதற்குத் துணை நிற்கவில்லை. கூடுவது வலிமை மட்டும். அந்த வலிமையை வைத்துக் குழாயின் சுவரை மெல்லியதாக்கி எடையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். சுவர் மெலிந்தால் பக்கவாட்டு அடிக்கும் நசுக்கலுக்கும் ஃபிரேம் தாங்குவது குறையும். லேசான ஃபிரேமின் டாப் டியூபைக் கட்டைவிரலால் அழுத்தினாலே சில இடங்களில் உள்வாங்குவது தெரியும். ரிப்பேர் ஸ்டாண்டில் அதைக் கவ்வ வைக்கவே கூடாது, காரில் ஏற்றும்போது குழாயைக் குறுக்கே கட்டவும் கூடாது.

எம்40ஜே போன்ற உயர் விறைப்பு இழைக்கு 377 ஜிகாபாஸ்கல் உண்டு, வலிமை 4,400தான். முறிவதற்குமுன் 1.2 சதவீதம்தான் நீளும், டி700 2.1 சதவீதம் நீளும். ஆகவே எந்த நல்ல ஃபிரேமும் ஒரே இழையில் செய்யப்படுவதில்லை. செயின் ஸ்டேயிலும் (பின் சக்கரத்துக்குப் போகும் அடிக்குழாய்) டவுன் டியூபிலும் விறைப்பான இழை, அடி விழும் இடங்களில் நீளும் இழை என்று சில நூறு துண்டுகளை வெவ்வேறு கோணங்களில் அடுக்கிச் செய்கிறார்கள். ஃபிரேமின் குணம் அந்த அடுக்கில் இருக்கிறது, அது வாங்குபவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஸ்பெஷலைஸ்டின் 12ஆர், ட்ரெக்கின் ஓசிஎல்வி 900 போன்ற பெயர்கள் அந்தந்தக் கம்பெனியின் உள்வரிசை எண்கள். 900 பெரிது, 12 சிறிது என்று குறுக்கே ஒப்பிட அதில் ஒன்றும் இல்லை. மேலே தெரியும் 3கே நெசவு, ஒரே திசையில் ஓடும் யூடி வரிகள் எல்லாம் அழகுக்கான கடைசி அடுக்கு. 3கே என்றால் ஒரு கற்றையில் 3,000 இழை என்று மட்டுமே பொருள்.

ஒட்டியிருக்கும் முத்திரைகளில் ஒன்றுக்கு அதிக மதிப்பும் ஒன்றுக்குக் குறைந்த மதிப்பும் கொடுக்கப்படுகிறது. 2011 முதல் ஃபிரேம்களில் வரும் யூசிஐ ஒப்புதல் ஸ்டிக்கர், அந்த ஃபிரேம் பந்தய விதிகளின் வடிவ, அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. உறுதிக்குச் சான்று அது அல்ல. உறுதிக்குப் பார்க்க வேண்டியது சைக்கிள் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 4210. அதன் 6ஆம் பகுதி ஃபிரேம், ஃபோர்க் சோதனைகளுக்கானது. ரோடு பந்தய ஃபிரேமின் பெடல் சோதனையில் 1,100 நியூட்டன் விசையை 1,00,000 முறை மாறி மாறிக் கொடுத்துப் பார்ப்பார்கள். பெயர் தெரியாத கம்பெனியிடம் வாங்கும்போது அந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் நீங்கள் வாங்கும் மாடலின் எண்ணும் சோதனைக் கூடத்தின் பெயரும் இருக்க வேண்டும். வேறு மாடலின் அறிக்கையை அனுப்புவது இந்த வியாபாரத்தில் வழக்கமான தந்திரம்.

பாட்டம் பிராக்கெட். பல ஆண்டுகளுக்கு ஃபிரேமோடு குடும்பம் நடத்தப்போகிறவர் எடைக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். டார்மாக் எஸ்எல்8க்கு எங்கள் ஓட்டு விழுவதற்கு முக்கியக் காரணமே இதில்தான்: 68 மி.மீ. பிஎஸ்ஏ, பழைய மரை வகை. எந்த ஊர்ச் சைக்கிள் மெக்கானிக்கிடமும் அதற்கான கருவி இருக்கும். செயின் பக்கக் கப் இடது மரை என்பதை மட்டும் நினைவில் வைத்து, கிரீஸ் தடவி, 35 முதல் 50 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் வேலை முடிந்தது. மடோனில் டி47, 47 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை. இதுவும் மரை வகைதான், பெரிய தண்டுக்கும் இடம் இருக்கிறது. கருவி மட்டும் தனி, அதைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டிசிஆரில் மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் பிபி86 பிரஸ்ஃபிட்: 41 மி.மீ. துளை, 86.5 மி.மீ. அகலம். ஷிமானோவின் 24 மி.மீ. தண்டு கிராங்கோடு இது நன்றாக ஓடும். 30 மி.மீ. தண்டு கிராங்கை இதற்குள் போட்டால், துளைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு பக்கம் 5.5 மி.மீ.தான் மிஞ்சும். கப்பும் பேரிங்கும் அதற்குள் அடங்க வேண்டும், ஆகவே குண்டுகள் சின்னதாகி சீக்கிரம் தேயும். 30 மி.மீ. தண்டுள்ள கிராங்கை ஏற்கெனவே வைத்திருப்பவர் பிபி86 ஃபிரேமைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

பிரஸ்ஃபிட் என்றாலே சத்தம் வரும் என்பது பாதி உண்மை. துளை வட்டமாக, இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் சத்தம் வராது. ஜயண்ட் தன் சொந்தத் தொழிற்சாலையில் செய்வதால் இந்த அளவு பெரும்பாலும் சரியாக வருகிறது. யார் வேண்டுமானாலும் தன் பெயரில் விற்கும் திறந்த அச்சு ஃபிரேம்களில்தான் ஒரு பக்கம் இறுக்கமும் மறு பக்கம் தளர்வுமாக வரும், 0.1 மி.மீ. தவறினாலே மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் கேட்கும். வந்த ஃபிரேமில் டிஜிட்டல் காலிப்பரை வைத்து ஒவ்வொரு பக்கமும் மூன்று திசைகளில் துளையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சிறிய தவறு என்றால் இரண்டு கப்பும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொள்ளும் வகை பாட்டம் பிராக்கெட் பெரும்பாலும் சரிக்கட்டும், ஏனெனில் கப்புகளை ஒன்றுக்கொன்று நேராக்குவது அந்த மரைதான். துளையே முட்டை வடிவம் என்றால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

அடுத்து ஹெட்செட். இப்போது வரும் ஃபிரேம்களில் பிரேக் குழாய்கள் ஹெட்செட்டின் மேல் பேரிங் வழியாக உள்ளே போகின்றன. பார்க்கச் சுத்தமாக இருக்கும். அந்த மேல் பேரிங்கை மாற்ற வேண்டி வந்தால் ஹைட்ராலிக் குழாயைக் கழற்ற வேண்டும், நுனியை வெட்ட வேண்டும், நுனியை அடைக்கும் சிறு பாகங்களான ஆலிவ்வும் இன்சர்ட்டும் புதிதாகப் போட வேண்டும், எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்பு 20 நிமிட வேலை, இப்போது அரை நாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கும் வீட்டுக்குள் டிரெய்னரில் வியர்வை கொட்ட மிதிப்பவர்களுக்கும் முதலில் துருப்பிடிக்கும் பேரிங் இதுதான். ஃபிரேம் கட்டும் நாளிலேயே ஸ்டெயின்லெஸ் பேரிங் போட்டு, தாராளமாக நீர்புகா கிரீஸ் தடவி, எதிர்காலத்துக்காகக் குழாயில் 2 செ.மீ. கூடுதல் நீளம் விட்டுவிடுங்கள்.

ஸ்டெம் விஷயத்தில் டார்மாக் வாங்குபவருக்குச் சுதந்திரம் கொடுக்கிறது. குழாய்கள் ஸ்டெம்முக்கு அடியில் ஓடிப் போவதால், வழக்கமான 1 1/8 அங்குல ஸ்டெம் எதையும் பொருத்தலாம். இடையில் வரும் ஸ்பேசர் மட்டும் சரியானதாக இருக்க வேண்டும். ஜயண்ட் பக்கம் கவனம் தேவை. 2024க்கு முந்தைய டிசிஆர் எஸ்எல், ப்ரோ ஃபிரேம்களில் ஓவர்டிரைவ் 2 என்ற 1 1/4 அங்குல ஸ்டியரர் இருக்கிறது. சாதாரண ஸ்டெம் அதில் இறங்காது. பழைய ஃபிரேமாக வாங்குபவர்கள், விற்பவர் ஸ்டெம்மோடு தருகிறாரா, அந்த நீளம் தமக்கு ஒத்து வருமா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஹெட்செட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2021இல் டார்மாக் எஸ்எல்7ஐ ஸ்பெஷலைஸ்டு திரும்ப அழைத்தது. ஹெட்செட்டின் கம்ப்ரெஷன் ரிங் ஸ்டியரரைச் சேதப்படுத்தக்கூடும் என்பது காரணம். அந்த ஆண்டு மார்ச்சில் பெல்ஜியத்தின் லெ சாமின் பந்தயத்தில் நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் போலின் கேன்யன் ஏரோட் சைக்கிளின் ஹேண்டில்பார் உடைந்தது, கேன்யன் அந்த ஹேண்டில்பார் உள்ள சைக்கிள்களை ஓட்ட வேண்டாம் என்று அறிவித்தது. பெரிய பெயர்களும் தவறு செய்கிறார்கள். வித்தியாசம், வரிசை எண்ணை வைத்து ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து மாற்றுப் பாகம் கொடுக்கிறார்கள். பயன்படுத்திய எஸ்எல்7 வாங்குபவர் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று வரிசை எண்ணைக் கொடுத்துக் கம்பெனி டீலரிடம் உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும்.

சீட்போஸ்டில், டிசிஆர் எஸ்எல்லின் ஒன்றிணைந்த வகையை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான். உயரமானவருக்கு விற்க முடியாது, விமானப் பெட்டிக்குள் மடக்கி வைக்கவும் சிரமம். தன் சேடில் உயரம் பல ஆண்டுகளாக மாறாத பந்தயக்காரருக்கு மட்டும் அது பொருந்தும். அதே டிசிஆரில் ப்ரோ தரம் எடுத்தால் தனியாக ஏற்றி இறக்கும் சீட்போஸ்ட் வருகிறது, டயர் இடைவெளியும் 33 மி.மீ.; இந்த விலைப் படியில் டார்மாக் 10ஆருக்கு நேர்ப் போட்டி அதுதான். எல்லாக் கம்பெனியின் தனி வடிவச் சீட்போஸ்டுகளும் வேறு எங்கும் கிடைக்காதவை. ஆப்பு வடிவக் கிளாம்ப் தேய்ந்தால் சீட்போஸ்ட் இறங்கும். கார்பன் பேஸ்ட் தடவாமல் ஸ்க்ரூவை மட்டும் மேலும் மேலும் இறுக்கினால் ஃபிரேம்தான் விரிசல் விடும். ஒரு கிளாம்ப்பும் ஒரு ஹேங்கரும் ஃபிரேமோடு சேர்த்தே வாங்கி வையுங்கள்.

ஹேங்கரில் மடோனின் எட்டாம் தலைமுறை முந்திக்கொள்கிறது. 2024இல் தன் லேசான மாடலான எமோண்டாவையும் அதற்குள் சேர்த்து ட்ரெக் வெளியிட்ட இந்த ஃபிரேமில் ஸ்ராமின் யூடிஹெச் ஹேங்கர் இருக்கிறது. கம்பெனி எதுவானாலும் ஒரே ஹேங்கர், மலையடிவாரத்தில் உடைந்தாலும் மவுன்டன் பைக் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கலாம். குறை, சைஸ் எட்டிலிருந்து ஆறாகக் குறைந்துவிட்டது. சைஸ்களுக்கு இடையே இடைவெளி பெரிது, ஆகவே மேலே சொன்ன ஸ்டாக்-ரீச் கணக்கை இங்கே இரண்டு முறை போட வேண்டும். எஸ்எல் தரத்தில் ஓசிஎல்வி 500 கார்பன், மேல்தரமான எஸ்எல்ஆரைவிடக் கனம். எடைக்காக எமோண்டாவைத் தேடி வந்தவருக்கு இது ஏமாற்றம் தரலாம்.

சீனாவின் ஷியாமென், ஷென்ஷென் பக்கமிருந்து நேரடியாக வரும் ஃபிரேம்களை ஒரே கூடையில் போடக் கூடாது. வின்ஸ்பேஸ், எக்ஸ்-லேப் போன்றவை சொந்த வடிவமைப்பும் சொந்தப் பெயரும் உள்ளவை. எக்ஸ்-லேப் 2025 முதல் அஸ்தானா பந்தய அணியின் சைக்கிள். திறந்த அச்சு ஃபிரேம் வேறு வகை: ஒரே அச்சில் வார்த்ததை யார் வேண்டுமானாலும் தன் பெயர் எழுதி விற்கலாம். வெளிவடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே அடுக்கு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. டார்மாக் மாதிரியே தெரியும் போலிப் பெயர் ஃபிரேம்களை விலை எவ்வளவு குறைவானாலும் தொடாதீர்கள். பெயரைத் திருடியவர் சோதனைச் செலவைச் செய்திருப்பார் என்று நம்ப இடமில்லை. ஃபோர்க் உடைந்தால் போவது பல்லும் முகமும்.

வாரண்டியில் ஸ்பெஷலைஸ்டு, ட்ரெக், ஜயண்ட் மூன்றும் ஃபிரேமுக்கு முதல் உரிமையாளரின் ஆயுள் வரை தருகின்றன. கேன்யன் 6 ஆண்டு. முதல் உரிமையாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள், பழைய ஃபிரேம் வாங்குபவருக்கு அது போய்ச் சேராது. பில் பத்திரமாக இருக்கட்டும். விபத்தில் உடைந்தால் வாரண்டி வராது. சலுகை விலையில் மாற்று ஃபிரேம் தரும் திட்டம் உங்கள் ஊர் டீலரிடம் உண்டா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஃபிரேம் வந்தாலும், ஒரு பாகமும் பூட்டுவதற்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். பூட்டிய பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்கத் தயங்குவார். முதலில் பேரிங்குகளை ஹெட் டியூபின் இருக்கையில் விரலால் வையுங்கள். சுத்தியல் இல்லாமல் உட்கார வேண்டும், உட்கார்ந்த பின் ஆடக் கூடாது. பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் கோணம் 36×45ஆ, 45×45ஆ என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றும்போது தவறானதைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. நேரான சக்கரம் ஒன்றைப் பின்னால் மாட்டி, செயின் ஸ்டே இரண்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளவிடுங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு நூலைப் பின் ட்ராப்அவுட் (ஆக்ஸில் உட்காரும் இடம்) ஒன்றில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்க ட்ராப்அவுட்டில் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் மாறினால் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள்.

ஆக்ஸில்களைக் கையாலேயே முழுவதும் திருகிப் பாருங்கள். முன்னால் 12×100, பின்னால் 12×142 என்பது பொதுவானது. மரை இடைவெளி 1, 1.5, 1.75 என்று மாறும், தொலைத்தால் நீளமும் மரையும் தெரியாமல் புதிது வாங்க முடியாது. பின் பிரேக் காலிப்பருக்கான ஸ்க்ரூ நீளம் செயின் ஸ்டேயின் தடிப்பைப் பொறுத்தது. ஷிமானோ காலிப்பருக்குத் தடிப்போடு 13 மி.மீ. கூட்ட வேண்டும், 25 மி.மீ. தடிப்புக்கு 38 மி.மீ. ஸ்க்ரூ. குட்டையானதை வைத்து இரண்டு சுற்று மரையில் தொங்கவிட்டு ஓட்டுவது ஆபத்து. டயரில் எழுதியிருக்கும் 28ஐ நம்பிவிடாதீர்கள். உள்ளகலம் 23 மி.மீ. உள்ள ரிம்மில் அது 30க்கு அருகே விரியும். 32 வரை போகும் ஃபிரேமில் 30 எழுதிய டயர் போட நினைப்பவர், காற்றடித்து ஒரு நாள் விட்டு டிஜிட்டல் காலிப்பரால் அளந்த பிறகு முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஸ்டியரர் அறுக்கும் வேலை. ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே அறுக்க வேண்டும். மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் வைப்பதாக இருந்தால், ஸ்டெம்மின் மேல்விளிம்பைத் தாண்டி அந்த ஸ்பேசருக்குள் 2 மி.மீ. ஏறி நிற்க வேண்டும். இரும்பு ஃபோர்க்கில் அடிக்கும் ஸ்டார் நட்டைக் கார்பனில் அடிக்கவே கூடாது. விரியும் பிளக் ஸ்டெம் கவ்வும் உயரம் முழுவதையும் உள்ளிருந்து தாங்கும் நீளத்தில் இருக்க வேண்டும். ஸ்டெம் ஸ்க்ரூவுக்கு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். கார்பனுக்கான பல் நெருக்கமான பிளேடு, வழிகாட்டிக் கவ்வி, முகமூடி மூன்றும் வேண்டும். முதல் முறை உத்தேச உயரத்துக்கு மேல் 20 மி.மீ. விட்டு அறுத்து, இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு இறுதி வெட்டு.